பசுமை விருது வாங்கிய கூரை

கிரேஸும் அவள் புருஷன் ஸ்டீபனும் ஒரே ஆலையில்தான் வேலை பார்த்தார்கள். ஸ்டீபன் கீழே, பழைய இரும்பை உருக்கும் உலையில். கிரேஸ் மேலே, கூரையில். உலை விடும் புகை நாற்பதடி ஏறி, கூரையில் வரிசை வரிசையாக நிற்கும் சோலார் பேனல்களின் மேல் கரியாக உட்காரும். மறுநாள் விடிகாலையில் கிரேஸ் ஏறிப்போய் அதைத் துடைப்பாள்.

"நீ பண்ற அழுக்கத்தான்யா நான் தொட்ச்சிக்கினு கீறேன். ஊட்லயும் அதே, மில்லுலயும் அதே" என்பாள் கிரேஸ்.

"நான் நிறுத்திட்டா உனுக்கு வேல ஏது?" என்பான் ஸ்டீபன். அதில் நியாயம் இருந்தது.

ஆலையின் பெயர் தங்கக்கதிர் ரோலிங் மில்ஸ். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ளே தள்ளி, ரயில் பாதையைப் பார்த்தாற்போல் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதன் கூரையில் ஆயிரத்து எண்ணூறு பேனல்களை ஏற்றினார்கள். திறப்பு விழாவில் முதலாளி மைக்கைப் பிடித்து, "இன்று முதல் நம் ஆலை சூரியனால் ஓடுகிறது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். உலை ஒரு மணி நேரத்தில் தின்னும் மின்சாரத்தை இந்தப் பேனல்கள் பகல் முழுக்க வெயிலில் காய்ந்தாலும் கொடுக்காது என்பது கை தட்டியவர்களில் ஏழெட்டுப் பேருக்காவது தெரியும். அவர்கள்தான் கொஞ்சம் பலமாகத் தட்டினார்கள்.

முதல் மாதம் தினமும் மூவாயிரத்துச் சொச்சம் யூனிட் வந்தது. ஆறாவது மாதம் ஆயிரத்து இருநூறுக்கு இறங்கியது. காரணம் கேட்டுப் பேனல் போட்ட கம்பெனியைக் கூப்பிட்டார்கள். வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, "இங்க புகை வருமா?" என்று கேட்டார்கள். அவர்கள் இடத்தை அளந்து பார்த்துத் திட்டம் போட்டது பொங்கல் விடுமுறையில். அந்த நாலு நாளும் உலை அணைந்திருந்தது. வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்ததாம். 'தூசி: மிகக் குறைவு' என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள்.

அதன் பிறகுதான் கிரேஸுக்கும் இன்னும் மூன்று பெண்களுக்கும் கூரையில் வேலை வந்தது. கிரேஸின் அம்மாவும் அப்பாவும் பொன்னேரிப் பக்கம் நாற்று நட்டவர்கள், களை பறித்தவர்கள். இவள் பத்தாவது முடித்துவிட்டு எட்டு வருஷம் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பெட்டி கட்டியவள். பேனல் துடைப்பதில் இருக்கிற சூட்சுமங்களை ஒருவரும் சொல்லித் தராமலே ஒரு மாதத்தில் பிடித்துக்கொண்டாள். போர் தண்ணீரில் கழுவினால் உப்புப் பூத்துக் கண்ணாடி வெள்ளையாகிவிடும். நல்ல தண்ணி லாரிதான் வேண்டும். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். சூடேறிய கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். பனி பெய்த இரவுக்கு மறுநாள் கரி சிமெண்டுபோல் இறுகியிருக்கும். இத்தனையும் பார்த்து நாலு பெண்கள் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்ச் சேர ஆறு நாளாகும். அதற்குள் முதல் மூலை பழையபடி கறுத்திருக்கும்.

ஆலையில் பசுமைப் பிரிவு என்று ஒன்று உண்டு. அதன் தலைவர் கோவர்தன். வயது இருபத்தொன்பது. திருவள்ளூரில் கோயில் கைங்கரியக் குடும்பம். நெற்றியில் ஒற்றைக் கோடாகத் திருமண், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, குரலில் எப்போதும் ஒரு மரியாதை. கெட்டவர் இல்லை. ஆனால் எதற்கும் ஒரு இயந்திரம் இருக்கும் என்று நம்புகிறவர். பெண்கள் துடைப்பது மெதுவாக இருக்கிறது என்று ஒரு ரோபோவை வரவழைத்தார். தானாகவே பேனல் வரிசையில் ஓடி, தானாகவே துடைத்து, தானாகவே திரும்பி வருமாம். முதல் நாள் அது ஓடியது, துடைத்தது. வரிசை முடிந்த இடத்தில் திரும்ப மறந்துவிட்டது. அந்தப் பக்கம் கீழே பழைய இரும்புக் குவியல். காந்தக் கிரேன் ஓட்டுகிறவன் சாப்பாட்டு நேரம் முடிந்து வந்து, குவியலோடு குவியலாக அதையும் அள்ளி உலைப் பக்கம் அனுப்பிவிட்டான்.

"உங்க சாரோட மெஷினு எங்ககிட்டதான் வந்துது. பாதி அலுமினியம், சுத்த வேஸ்ட்டு" என்று அன்று ஸ்டீபன் சொன்னான். கிரேஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதற்கு அடுத்த மாதம் நடந்ததற்கு அவள் சிரிக்கவில்லை.

தகரக் கூரையில் வெளிச்சத்துக்காக நடுநடுவே பிளாஸ்டிக் ஷீட் போட்டிருப்பார்கள். ஆள் எடையைத் தாங்காது. புதிதாக இருந்தபோது அது வெள்ளையாகத் தெரிந்தது. கரி படிந்த பிறகு தகரம் எது, ஷீட் எது என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஈஸ்வரி வாளியோடு ஒரு எட்டு வைத்தாள். ஷீட் உடைந்து உள்ளே போனாள். கீழே பாதி உயரத்துக்குச் சாக்கு மூட்டை அடுக்கியிருந்ததால் உயிர் தங்கியது. இடுப்பு எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கை. ஆலை என்ன செய்தது என்றால், ஓட்டையை ஒரு தகரத்தால் மூடி, ஏணிக்குக் கீழே 'உயரத்தில் கவனம் தேவை' என்று ஒரு போர்டு மாட்டியது.

கிரேஸ் கோவர்தனிடம் போய் நின்றாள்.

"சார், பேனலு ஓரமா நடக்க இரும்புல ஒரு நடப்பாதை, கைப்புடி கம்பி, ஏறி எறங்க ஒழுங்கா ஒரு படிக்கட்டு. அவ்ளோதான் சார். இரும்பு மில்லுல இரும்புக்கா பஞ்சம்?"

"நியாயமான ரெக்வஸ்ட்தாம்மா. பாருங்கோ, நோட் பண்ணிண்டுட்டேன்" என்றார் கோவர்தன். உண்மையாகவே குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் குறித்துக்கொண்டார்.

ஜூலையில் ஒரு நாள் கோவர்தன் ஓட்டமாக வந்தார். தொழிற்சாலைகளுக்கான ஒரு சங்கம் வருஷாவருஷம் பசுமை ஆலை விருது கொடுக்கிறது. தங்கக்கதிர் கடைசிச் சுற்றுக்குப் போயிருக்கிறது. வியாழக்கிழமை குழு பார்வையிட வருகிறது. விருது கிடைத்தால் ஆலைக்கு நல்ல பெயர். நல்ல பெயர் கிடைத்தால் முதலாளி விண்ணப்பித்திருக்கும் இரண்டாவது உலைக்கு அனுமதி சுலபமாகும்.

"வியாழக்கிழமை பேனல் எல்லாம் நீலமா ஜொலிக்கணும், கிரேஸம்மா."

"ஜொலிக்கும் சார். ஒரு வாரம் உலைய நிறுத்த சொல்லுங்க."

"அது முடியாதே. ஆர்டர் இருக்கே."

"அப்ப ஜொலிக்காது சார்."

கோவர்தன் யோசித்தார். பார்வையாளர்களுக்குப் பந்தல் போடும் இடத்திலிருந்து பார்த்தால் கூரையில் முன்வரிசை மட்டும்தான் தெரியும். முன்வரிசை அறுபது பேனல். அதை மட்டும் வியாழன் காலை துடைத்தால் போதும் என்று முடிவானது. மிச்சத்துக்கு டிரோனில் எடுத்த வீடியோ ஒன்று இருந்தது. பேனல்கள் புதிதாக இருந்தபோது எடுத்தது.

பாக்கி இருந்தது வாசலில் இருக்கும் எண் பலகை ஒன்றுதான். 'இன்று சூரியனிடமிருந்து பெற்ற யூனிட்' என்று போட்டு, சிவப்பு எழுத்தில் எண் ஓடும் பலகை. உள்ளதை உள்ளபடி காட்டி அது எல்லோருடைய மானத்தையும் வாங்கிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் அன்புசெல்வன் புதன்கிழமை அதன் முதுகைத் திறந்து, இன்வெர்ட்டரிலிருந்து வந்த ஒயரைப் பிடுங்கிவிட்டு, நாலு நொடிக்கு ஒரு எண் தானாக ஏறும்படி வைத்தான். குடத்தோடு அந்தப் பக்கம் போன கிரேஸ் நின்று பார்த்தாள்.

"இன்னாண்ணா பண்ற?"

"கடியாரத்துக்கு சாவி குடுக்கறேன்" என்றான் அன்புசெல்வன், முகத்தில் சிரிப்பில்லாமல்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் குழு வந்தது. மூன்று பேர் வருவதாக இருந்து இரண்டு பேர்தான் வந்தார்கள். தலைவர் ஆதிநாராயணன், ஓய்வுபெற்ற அதிகாரி. நடக்கும்போதே உட்கார நாற்காலி தேடுகிறவர். கூட ஸஹானா என்கிற இளம் என்ஜினீயர். கையில் ஒரு நோட்டு, காலில் தடித்த ஷூ. கிரேஸும் மற்ற பெண்களும் மஞ்சள் ஹெல்மெட்டோடு பந்தல் ஓரம் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தார்கள். அந்த ஹெல்மெட்டுகள் அன்று காலைதான் வந்தன. விலைச்சீட்டைக் கிழிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

தலைவர் இளநீர் குடித்தார். முன்வரிசையைப் பார்த்தார். வீடியோ பார்த்தார். "பிரமாதம்" என்றார். எண் பலகை இரண்டாயிரத்து எழுநூற்றுப் பத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

பதினொன்று இருபதுக்குக் கரண்ட் போனது.

சிப்காட் முழுக்கப் போனது. உலையின் இரைச்சல் சட்டென்று நின்றதும் காது அடைத்தாற்போல் ஆனது. பத்து நொடியில் ஜெனரேட்டர் எடுத்தது. பந்தலில் மின்விசிறி சுற்றியது, ஆபீசில் ஏசி ஓடியது, வாசலில் பலகையும் எரிந்தது. இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்று.

ஆதிநாராயணன் பலகையைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா! ஊரே இருண்டு கிடக்கு. இங்க சூரியன் பாட்டுக்கு வேலை செய்யறான்!" என்று அவரே கை தட்டினார். பந்தல் முழுக்கத் தட்டியது. உச்சி வெயிலில் ஊர் எங்கே இருண்டது என்று யாரும் கேட்கவில்லை.

ஸஹானா மட்டும் தட்டவில்லை. "சார், வெளில கரண்ட் போனா இந்த மாதிரி சிஸ்டம் தானா நின்னுடணும். லைன்ல வேலை செய்யற மின்வாரிய ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்கு. பேட்டரி ஏதாவது இருக்கா இங்க?"

கோவர்தனுடைய வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "பேட்டரி இல்ல மேடம். பஃபர்."

"என்ன பஃபர்?"

"சாஃப்ட்வேர் பஃபர்."

ஸஹானா நோட்டை மூடினாள். "நான் மேல போய்ப் பாக்கணும்."

"லேடர் கொஞ்சம் செங்குத்தா இருக்கும், மேடம். சேஃப் இல்ல."

"இவங்கள்லாம் தினம் ஏறறாங்கதானே?" என்று பெண்கள் பக்கம் கை காட்டினாள் ஸஹானா. கோவர்தன் கிரேஸைக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டு, கண்ணால் ஏதோ கெஞ்சினார். கிரேஸ் அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஏணியில் கிரேஸ் முன்னால் ஏறினாள். மேலே வந்து நின்றதும் ஸஹானா சுற்றிலும் பார்த்தாள். முன்வரிசை நீலமாக மின்னியது. அதற்குப் பின்னால் ரயில் பாதை வரைக்கும் ஒரே கறுப்பு. இரண்டாவது வரிசையில் ஒரு பேனலை விரலால் கோடு போட்டுப் பார்த்தாள். விரல் நுனி மை தொட்டது போலானது. மூன்றாவது வரிசைக்குப் போக எட்டி அடி வைத்தாள்.

கிரேஸ் அவள் பையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இழுத்த வேகத்தில் இருவரும் தகரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"அது ஷீட்டும்மா. காலு வச்சா நேரா கீழதான்."

"எது?"

"அதான். எதுன்னு தெரியாதுல்ல? எங்களுக்கும் தெரியாது." பக்கத்தில் தகரம் போட்டு மூடியிருந்த இடத்தைக் காட்டினாள். "இதுலதான் ஈஸ்வரி வுழுந்தா. மூணு மாசம் படுத்துனு கெடந்தா. இன்னும் மேல ஏற முடியல."

ஸஹானாவிடம் கிரேஸ் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். பிறகு கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னாள்: பொங்கல் விடுமுறையில் வந்து அளந்தது, ரோபோ உருகியது, அறுபது பேனல், பழைய வீடியோ, அன்புசெல்வன் ஒயரைப் பிடுங்கியது. அவன் பெயரை மட்டும் சொல்லவில்லை. "ஒரு ஆளு" என்றாள்.

ஸஹானாவின் முகம் சிவந்தது. "இது ஃபிராடு. நான் ரிப்போர்ட்ல எல்லாத்தையும் எழுதப் போறேன். இவங்களுக்கு விருது கிடைக்காது."

கிரேஸ் ரயில் பாதையைப் பார்த்தாள். புறநகர் வண்டி ஒன்று கரண்ட் இல்லாமல் பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது.

"விருது வராங்காட்டி எங்களுக்கு இன்னாம்மா வரும்?" என்றாள். "நாலு நாளு பேஜாரு பண்ணுவாங்க. அப்பால யாரு சொன்னதுன்னு கேப்பாங்க. உங்களோட மேல ஏறுனது நான் ஒருத்திதான். எங்க எல்லாரையும் ஊட்டுக்கு அனுப்பிட்டு வேற நாலு பேர இட்டாருவாங்க. அவுங்களுக்கும் எது ஷீட்டுன்னு தெரியாது."

"அதுக்காகப் பொய்யை விட்டுட முடியுமா?"

"வுட வேணாம். எழுதுங்க. கூட இன்னொன்னும் எழுதுங்க. கூரைல நடப்பாதையும் படிக்கட்டும் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினாதான் விருதுன்னு. நான் ஒரு வருசமா கேட்டுக்கினு கீறேன், குறிச்சிக்கினே கீறாரு. விருதுக்குன்னா ஒரு வாரத்துல போட்ருவாங்க பாருங்க."

ஸஹானாவுக்கு அது பிடிக்கவில்லை. அவள் படித்த படிப்பில் உண்மைக்குப் பக்கத்தில் பேரம் எழுத இடம் கிடையாது. ஆனால் தகரத்தில் உட்கார்ந்தபடியே நோட்டைத் திறந்து, ஏணியின் உயரம் என்ன, ஷீட்டுகள் எத்தனை, எவ்வளவு தூரத்துக்குப் பாதை வேண்டும் என்று கிரேஸைக் கேட்டுக் கேட்டு எழுதினாள். கிரேஸுக்கு எல்லாம் அடிக்கணக்கில் மனப்பாடமாக இருந்தது.

கீழே இறங்கியபோது ஆதிநாராயணன் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். கரண்ட் இன்னும் வரவில்லை. பலகை மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது.

ஸஹானாவின் அறிக்கை ஏழு பக்கம். முதல் ஆறு பக்கம் எண் பலகை, வீடியோ, கரி, உற்பத்தி பற்றி. ஏழாவது பக்கம் படிக்கட்டும் நடைபாதையும். ஆதிநாராயணன் அதை முழுக்கப் படித்தார். பெரிய ஹோட்டலில் அரங்கம் பிடித்தாகிவிட்டது, பெயர்கள் அச்சாகிவிட்டன. கேடயத்தில் தங்கக்கதிர் என்று பொறித்தும் ஆகிவிட்டது. முதல் ஆறு பக்கங்கள் 'தொழில்நுட்பக் கருத்து வேறுபாடு' என்று கோப்புக்குள் போயின. ஏழாவது பக்கம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. குழு எவ்வளவு கண்டிப்பானது என்பதை அது காட்டியது. 'நிபந்தனைக்கு உட்பட்டு விருது' என்று கையெழுத்துப் போட்டார். ஸஹானா அந்தக் குழுவிலிருந்து விலகிக்கொண்டாள். அவள் விலகியதைப் பற்றி எங்கும் ஒரு வரி வரவில்லை.

திங்கட்கிழமை காலை ஆலைக்குள் வெல்டிங் பொறி பறந்தது. ஒரு வருஷமாகக் கிடைக்காத இரும்பு, ஆலையின் சொந்தக் கிடங்கிலேயே கிடைத்தது. பத்து ஆட்கள். ஆறு நாள். வளைந்து ஏறும் அகலமான படிக்கட்டு, வரிசைக்கு வரிசை கம்பிவலைப் பாதை, இரண்டு பக்கமும் கைப்பிடி. ஷீட்டுகளின் மேல் இரும்புக் கம்பிச் சட்டம். கோவர்தன் கீழே நின்று, "வேகம், வேகம், சனிக்கிழமை போட்டோ போகணும்" என்று விரட்டினார். கிரேஸ் டேப்பை எடுத்து அளந்து, ஒரு இடத்தில் பாதை இரண்டடி குறைவாக இருப்பதைக் காட்டினாள். மறுபேச்சு இல்லாமல் போட்டுக் கொடுத்தார்கள். விருதுக்குழு அனுப்பிய தாளில் அளவு எழுதியிருந்ததே.

விழா சென்னையில் நடந்தது. முதலாளி கேடயம் வாங்கினார். மின்வெட்டிலும் இயங்கும் சூரிய ஆலை என்று ஒரு குறும்படம் போட்டுக் காட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரத்தூர்ப் பக்கத்து ரைஸ்மில்காரர் ஒருவர், அந்த சாஃப்ட்வேர் பஃபர் எங்கே கிடைக்கும் என்று கோவர்தனுக்கு இரண்டு முறை போன் செய்தார்.

அடுத்த வாரம் கேடயத்தோடு கூரையில் ஒரு படம் எடுக்க வேண்டும் என்று கோவர்தன் முதல் முறையாகக் கூரைக்கு, புதுப் படிக்கட்டில் ஏறி வந்தார். வந்து நின்றார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். முன்வரிசையும் அதற்குள் கறுத்திருந்தது. மெதுவாக ஒரு பேனலைத் தொட்டார். தொட்ட கையைத் தெரியாமல் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"கிரேஸம்மா, இது எப்பலேர்ந்து இவ்வளவு மோசமா இருக்கு?"

"பேனலு போட்ட ஆறாவது மாசத்துலேர்ந்து சார்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னேன் சார். குறிச்சிக்கினீங்க."

கோவர்தன் கேடயத்தை இடுக்கிக்கொண்டார். அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது, முகத்தில் தெரிந்தது. படம் எடுக்க வந்தவன், "சார், பின்னாடி கறுப்பா விழுது, வானத்தப் பாத்தாப்ல நில்லுங்க" என்றான். வானத்தைப் பார்த்தாற்போல் நின்றார். படம் நன்றாக வந்தது.

போகும்போது படிக்கட்டருகே திரும்பி, "செகண்ட் ஃபர்னஸுக்கு பர்மிஷன் வந்துடுத்தும்மா. தை மாசம் பத்த வைக்கறா. இன்னும் எத்தனை ஆள் வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார்.

"நாலு பேரு சார். ஈஸ்வரிய கீழ மோட்டார் ரூமுக்கு போடுங்க. தண்ணி லாரி கணக்கு அவ பாத்துப்பா."

கோவர்தன் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"குறிச்சிக்கறது அப்பறம் சார்" என்றாள் கிரேஸ். "இங்கியே போன் போட்டு சொல்லிடுங்க. நான் நிக்கறேன்."

கோவர்தன் போன் போட்டார். அவர் பேசி முடிக்கும்வரை அவள் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.